பொருநைக் கரையில் நீச்சற் கல்வி

பொதிகை மலையிலே பிறந்து புன்னைக்காயல் அருகே கடலிலே கலக்கும் தாமிரபரணி ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. கங்கையோடும் கோதாவரியோடும் வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய ஆறு. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் அதற்கு நீர் ஊட்டுகின்றன. ஆகவே கோடையிலும் வற்றாத ஆறு என்ற பெயர் அதற்கு உண்டு. அதன் கரையிலே காரும் பிசானமுமாக இருபோகம் விளைந்தது. பொருநை என்று பழந்தமிழர் போற்றிய ஆறும் இதுவே.

இந்த ஆற்றின் வரலாற்றை எழுதியவர்கள் மன்னர்களைப் பற்றி எழுதினார்கள். கோயில்களைப் பற்றி எழுதினார்கள். அணைக்கட்டுகளைப் பற்றியும் எழுதினார்கள். ஆனால் வேறொரு கேள்வியும் உண்டு. வாசற்படியை விட்டு இறங்கினால் வாய்க்கால், தெருவைக் கடந்தால் ஆறு என்று அமைந்த ஊர்களிலே பிறந்த குழந்தைகள் தண்ணீரோடு எவ்வாறு பழகினார்கள்? தவறி விழுந்தால் பிழைத்துக் கரையேறும் கலையை அவர்களுக்கு யார் கற்பித்தார்கள்? அந்தக் கல்வி இன்று என்ன ஆயிற்று? இவைதாம் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இதுவும் வரலாறுதான். ஆனால் கல்வெட்டிலே பொறிக்கப்படாத வரலாறு.

முதலில் பழங்காலத்திற்குச் செல்வோம். புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர். கோல் ஊன்றித் தள்ளாடி நடந்து, இருமலுக்கு இடையிலே சில சொற்களைப் பேசும் முதுமையிலே, தம் இளமையை அவர் நினைத்துப் பார்க்கிறார். நீர்த்துறையிலே தோழரோடும் தோழியரோடும் விளையாடியதையும், நீரை நோக்கித் தாழ்ந்திருந்த மருதமரத்துக் கிளையிலே ஏறிக் கரையில் நின்றோர் வியக்கும்படி ஆழமான மடுவிலே குதித்ததையும், அடியிலே கிடந்த மணலை அள்ளிக் காட்டியதையும் எண்ணி ஏங்குகிறார்.

மாணவர்களே, இந்தச் செய்தியைச் சற்று ஊன்றிப் பாருங்கள். மணலை ஏன் அள்ளி வர வேண்டும்? அடிவரை சென்றதற்கு அதுவே சான்று. இன்றைய பள்ளிக்கூடத்திலே தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுகிறோம். அன்றைய சிறுவனுக்குக் கையிலே ஒட்டியிருந்த ஈரமணலே சான்றிதழ். மூச்சை அடக்கவும், நீருக்கடியிலே கண்ணைத் திறந்து பார்க்கவும், திரும்பி மேலே வரவும் அவன் கற்றிருக்க வேண்டும். விளையாட்டாகவே இவை யாவும் கற்கப்பட்டன என்பது இப்பாட்டினால் விளங்குகிறது.

தண்ணீரின் மற்றொரு முகத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆட்டனத்தி என்பவன் ஆடலிலே வல்லவன். புனலாட்டிலே பெயர் பெற்றவன். அவனையே காவிரி வெள்ளம் கவர்ந்து சென்றது. அவன் மனைவி ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைந்த கதையைச் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் பேசுகின்றன. நீந்தத் தெரிந்தவனையும் ஆறு விடுவதில்லை என்னும் எச்சரிக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கிடைத்துவிட்டது.

இனி நம் ஆற்றின் கடைமுகத்திற்கு வருவோம். கொற்கை பாண்டியரின் பழைய துறைமுகம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலினால் இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. முத்துக்குளிப்பினால் அது உலகப் புகழ் பெற்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இக்கடலிலே மனிதர் மூழ்கிச் சிப்பி எடுத்து வருவதை வியப்போடு எழுதி வைத்தார்.

முத்துக்குளிப்போர் தொழில் செய்த முறையிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. குளிப்பவர் ஒரு கல்லின் பாரத்தினால் விரைந்து கீழே இறங்குவார். அவருடைய கயிற்றைத் தோணியிலே நிற்கும் மற்றொருவர் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் அவர் மேலே இழுத்துவிடுவார். எத்தனை தேர்ந்தவராயினும் மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் எவரும் இறங்குவதில்லை. மூழ்குபவர் ஒருவர், காப்பவர் ஒருவர். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இதையே சுற்றி வரும்.

கடற்கரையை விட்டு ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்வோம். தாமிரபரணியிலே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்னும் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை 19 ஆம் நூற்றாண்டிலே கட்டப்பட்டது. இவற்றிலிருந்து கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் முதலியன பிரிந்து ஊர் ஊராகப் பாய்கின்றன. ஆழமும் விரைவும் உடைய ஆற்றை, இடுப்பளவு வாய்க்காலாகவும் முழங்காலளவு மடையாகவும் ஊருக்குள்ளே கொண்டுவந்து சேர்த்தவை இந்த அணைகளே. வயலுக்காக வெட்டப்பட்ட வாய்க்கால், குழந்தைகளுக்கு நீச்சல் பள்ளியும் ஆயிற்று.

அந்தப் பள்ளியிலே நானும் படித்தவன். சேரன்மகாதேவிக்கு அருகே ஒரு சிற்றூரிலே, 1960களின் பிற்பகுதியிலே, எனக்கு நீச்சல் கற்பித்தவர் என் தாத்தா. அதற்கும் முன்னே, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே முதற்பாடம் தொடங்கிவிட்டது என்பேன். கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்தி, ஆச்சிமார் குளிப்பாட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையைக் குவித்து மூக்கிலே நீர் புகாமல் மறைத்துக்கொண்டு தலைக்கு நீர் வார்ப்பார்கள். தண்ணீர் மேலே பட்டாலும் தன்னைப் பிடித்திருக்கும் கை நழுவாது என்று அந்தக் குழந்தை உணர்கிறது. நீச்சலுக்கு அடிப்படை இந்த நம்பிக்கையே.

மூன்று நான்கு வயதிலே வாய்க்கால் படித்துறையில் அமர்ந்து காலால் தண்ணீரை அடிப்போம். பின்னர் கடைசிப் படியைக் கையாலே பற்றிக்கொண்டு உடலை மிதக்கவிடுவோம். ஐந்து ஆறு வயதிலே முதுகிலே சுரைக்குடுக்கை ஏறும். நன்கு முற்றி உலர்ந்த சுரைக்காயைக் கயிற்றாலே கட்டி விடுவார்கள். சுரை கிடைக்காத வீட்டிலே வாழைத்தண்டு. அதுவும் இல்லையென்றால் உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டு. குடுக்கைக்குள்ளே இருப்பது காற்று. தேங்காய் நாரின் இடையிலும் வாழைத்தண்டின் கண்ணறைகளிலும் காற்றே நிறைந்திருக்கிறது. தன் எடைக்கு மிகுதியான நீரை விலக்கும் பொருள் மிதக்கும் என்று ஆர்க்கிமிடீசு கண்ட விதியை நீங்கள் வகுப்பிலே படிக்கிறீர்கள். அந்தப் பெயரைக் கேட்டிராத என் தாத்தா, அந்த விதியை என் முதுகிலே கட்டினார்.

கற்பிப்பதற்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. ஆறு அப்போது மெலிந்து ஓடும், நீர் தெளிந்திருக்கும், பள்ளிக்கும் விடுமுறை. ஆனி பிறந்து மலையிலே சாரல் கட்டிவிட்டால், தாத்தா ஒருவரையும் ஆற்றில் இறக்கமாட்டார். நீரின் நிறம் மாறியதா, நுரை மிதந்து வருகிறதா, சருகும் குச்சியும் அடித்து வருகின்றனவா என்று பார்த்துவிட்டே படியிறங்குவார். எந்த இடத்திலே கசம், எங்கே சுழி, எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆழமான மடுவைக் கசம் என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கு.

குடுக்கையைக் கழற்றிய நாளிலே நான் பயந்து கைகால்களை உதறினேன். மூழ்கினேன், தண்ணீர் குடித்தேன். தாத்தா என் முதுகின்கீழ்த் தம் உள்ளங்கையை வைத்துச் சொன்னது இன்றும் காதிலே ஒலிக்கிறது: “ஏலே, தண்ணிகூடச் சண்டை போடாத. மல்லாந்து படு. அது உன்னத் தாங்கும்.” நான் மல்லாந்தேன். காதுவரை தண்ணீர், கண்ணுக்கு நேரே வானம். எப்போது அவர் கையை எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. முதலில் மிதத்தல், பிறகு மூச்சு விடுதல், பிறகு கரையை நோக்கித் திரும்புதல், அதன் பிறகே கை வீசி நீந்துதல் என்பது அவர் வகுத்த பாடத்திட்டம். பிற்காலத்திலே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் என்னும் கற்பித்தல் முறையைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் உள்ளங்கைதான் நினைவிற்கு வந்தது.

இந்தக் கல்வி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கல்லாதவனைக் குறிக்க, எழுத்தும் அறியான், நீச்சலும் அறியான் என்னும் பொருள்பட ஒரு பழமொழி கிரேக்கரிடையே வழங்கியதைப் பிளேட்டோ தம் சட்டங்கள் என்னும் நூலிலே எடுத்தாளுகிறார். உரோமானியப் பெருந்தலைவர் கேட்டோ, தம் மகனை டைபர் ஆற்றின் சுழல்களிலே தாமே நீந்தப் பழக்கினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். மகனுக்குத் தந்தை செய்ய வேண்டிய கடமைகளுள் நீந்தக் கற்பிப்பதும் ஒன்று என்று யூதர்களின் தால்மூது கூறுகிறது. இம்மூன்றிலும் நீச்சல் விளையாட்டுக் கலையாக அல்ல, எழுத்தறிவுக்கு நிகரான வாழ்க்கைக் கல்வியாகவே எண்ணப்பட்டது.

ஆற்றைக் கடப்பது ஒரு காலத்திலே உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. பாலம் இல்லாத நாளிலே மக்கள் படகை நம்பியே அக்கரைக்குச் சென்றனர். நெரிசலும் விபத்தும் நேர்ந்தன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே பணியாற்றிய சுலோசன முதலியார் என்னும் பெருமகனார், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டுவித்தார். 11 வளைவுகளைக் கொண்ட அந்தப் பாலம் 1843 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. தண்ணீரிலிருந்து மக்களைக் காக்க நீச்சல் மட்டும் போதாது, பாலமும் படியும் கைப்பிடியும் வேண்டும் என்பதற்கு அது கல்லாலான சான்றாக நிற்கிறது.

இனி, துயரமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். வ. வே. சு. ஐயரின் பெயரை நீங்கள் அறிவீர்கள். விடுதலைப் போராட்ட வீரர். திருக்குறளை ஆங்கிலத்திலே பெயர்த்தவர். கம்பனை உலகக் கவிஞர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். அவர் சேரன்மகாதேவியிலே ஒரு குருகுலத்தை நிறுவி நடத்தினார். 1925 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே அவர் பாபநாசம் மலையருவிக்குச் சென்றிருந்தார். அங்கே அவருடைய மகள் சுபத்திரை நீரிலே அகப்பட்டாள். மகளைக் காக்கத் தந்தையும் நீரிலே பாய்ந்தார். இருவரையும் நீர் கொண்டு சென்றது. அப்போது ஐயருக்கு வயது 44.

என் சிறுவயதிலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தணிந்த குரலிலே சொல்வார்கள். ஐயர் உடல் வலிமையிலே குறைந்தவர் அல்லர். துணிவிலே எவருக்கும் பின்வாங்கியவர் அல்லர். பெற்ற மகள் கண்ணெதிரே தத்தளிக்கும்போது எந்தத் தந்தைதான் கணக்குப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. ஆயினும், அருவிநீரின் இழுப்புக்கு முன்னே அன்பும் துணிவும் தோற்றுவிடும் என்பதை நாம் மறக்கக் கூடாது. நீரில் விழுந்தவரைக் காக்க இன்னொருவர் குதிப்பதும், இருவரும் மாள்வதும் இன்றளவும் நடந்துவருகின்றன. முத்துக்குளிப்போரின் கயிற்றை இங்கே நினைத்துப் பாருங்கள். மூழ்குபவருக்கு வேண்டியது கரையிலே உறுதியாக நிற்கும் ஒரு கை. அந்தக் கையிலே ஒரு கயிறு. கயிறு இல்லையா? வேட்டியை வீசலாம், சேலையை வீசலாம், மூங்கிலை நீட்டலாம், மிதக்கும் குடத்தை எறியலாம். குதிப்பது கடைசி வழி. அதுவும் பயின்றவருக்கே உரிய வழி.

கடந்த எண்பது ஆண்டுகளிலே ஆறும் மாறியது, நாமும் மாறினோம். 1940களிலே பாபநாசம் அணை எழுந்தது. 1958இல் மணிமுத்தாறு அணையும் 1986இல் சேர்வலாறு அணையும் வந்தன. பாசனமும் மின்சாரமும் பெருகின. ஆனால் மழைமுகத்தைப் பார்த்து ஆற்றைக் கணித்த தாத்தாவின் அறிவுக்கு, அணையிலே மதகு திறக்கும் நேரம் தெரியாது. மணல் அள்ளிய இடங்களிலே நேற்று முழங்காலளவு இருந்த நீர் இன்று ஆளை மூடும் பள்ளமாகியது. கரையோர ஊர்களிலே வீட்டுக்குள்ளே குழாய்த் தண்ணீர் வந்தது, அது நல்லதே. ஆனால் நாள்தோறும் ஆற்றிலே குளிக்கும் வழக்கம் குறைந்தது. படித்துறையிலே எந்நேரமும் இருந்த பெரியவர்களின் கூட்டம் மறைந்தது. ஆறு அங்கேயே இருந்தது. அதன் ஆசிரியர்கள்தாம் இல்லாமற் போனார்கள்.

இந்த மாற்றத்திலே நானும் ஒரு தவறு செய்தேன். அதை உங்களிடம் மறைக்காமல் சொல்வதே முறை. 1990களிலே, ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றேன். ஆற்றிலே விபத்துகள் நேர்வதைக் கேள்வியுற்று, காலை வழிபாட்டுக் கூட்டத்திலே ஓர் ஆணை பிறப்பித்தேன்: எந்த மாணவனும் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது, போனால் கடுந்தண்டனை. கடமையைச் செய்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். ஒரு சனிக்கிழமை, மாணவர்கள் நால்வர் ஒருவருக்கும் தெரியாமல் வாய்க்கால் மதகுக்குச் சென்றனர். ஒருவனுடைய தம்பி, பள்ளியிலே சேரும் வயதுகூட ஆகாத குழந்தை, பின்னாலேயே சென்றிருக்கிறான். அவன் வழுக்கி விழுந்தான். நால்வருக்கும் நீந்தத் தெரியாது. வயலிலே நின்ற பெரியவர்களைக் கூவி அழைத்திருக்கலாம். ஆனால் அழைத்தால் தாங்கள் அங்கே வந்தது தெரிந்துவிடும், தலைமையாசிரியர் தண்டிப்பார். அந்த அச்சத்திலே அவர்கள் தாமே தேடினார்கள். பிறகு ஓடி ஒளிந்தார்கள். ஊர் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் என் மனத்தின் பாரம் சற்றுக் குறைந்திருக்கும். தண்ணீரிலிருந்து பிள்ளைகளை விலக்கிவிட்டால் போதும் என்று நான் எண்ணினேன். அவர்களுக்கு நான் கொடுத்தது பாதுகாப்பு அன்று. வாய் திறக்கவொட்டாத அச்சமே. அடுத்த கோடையிலே பெற்றோரின் இசைவோடு, ஆறறிந்த இரு பெரியவர்களை அழைத்துவந்து, ஆழமில்லாத துறையிலே குறுக்கே கயிறு கட்டி, பத்துப் பத்துப் பிள்ளைகளாக மிதக்கப் பழக்கினோம். பெண்பிள்ளைகளுக்கு ஊரிலிருந்த அம்மா ஒருவர் கற்பித்தார். நான் ஓய்வு பெறும்வரை, பணியாற்றிய ஊர்களிலே இதை விடாமல் செய்தேன். ஆயினும் மதகைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சிறு குழந்தையை நினையாதிருந்த நாள் இல்லை.

மிகச் சிறிய குழந்தைக்கு நீச்சல் கற்பிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இதனை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலறிஞர் மிர்ட்டில் மெக்ரா, 42 குழந்தைகளை நீரிலே கவனித்து 1939 ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை வெளியிட்டார். பிறந்த சில மாதங்களிலே குழந்தை தன்னை அறியாமலே நீந்துவது போன்ற அசைவுகளைச் செய்கிறது. சில மாதங்கள் சென்றதும் அந்த இயல்பு மறைந்து, தத்தளிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகே தானாக முயன்று செய்யும் அசைவுகள் தோன்றுகின்றன என்று அவர் கண்டார். ஆகவே சிசுவின் அசைவு வெறும் அனிச்சைச் செயலே. தலையைத் தூக்கி மூச்சுவிட அதற்குத் தெரியாது. 1966 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலே ஹார்வி பார்னெட் என்பவர், நீரில் விழுந்த சிறு குழந்தை உடனே மல்லாந்து மிதக்கும்படி பழக்கும் முறை ஒன்றை வளர்த்தார். அதனைப் போற்றியோரும் உண்டு. குழந்தை அழ அழப் பழக்குவது தகுமா என்று வினவியோரும் உண்டு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000 ஆம் ஆண்டிலே, நான்கு வயது நிறையுமுன் முறையான நீச்சற் பயிற்சி வேண்டாம் என்று கூறியது. 2010இல் அக்கருத்தைத் தளர்த்தியது. 2019இல், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பலருக்கு நீச்சற் பயிற்சி நன்மை தரக்கூடும் என்றது. ஒரு வயது நிறையாத குழந்தையைப் பயிற்சி காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே அதன் நிலை. சான்று மாறினால் கருத்தை மாற்றிக்கொள்வது அறிவியலின் பண்பு. ஆனால் எந்தப் பயிற்சியும் குழந்தையை மூழ்காப் பொருளாக ஆக்கிவிடாது என்பதிலே அறிஞர்களிடையே வேறுபாடு இல்லை.

நமக்கு அமெரிக்காவைவிட அண்மையிலுள்ள ஆசான் வங்காளதேசம். ஆறும் குளமும் நிறைந்த அந்த நாட்டிலே குழந்தைகள் பெருந்தொகையாக மூழ்கி இறந்தனர். 2006 முதல் 2010 வரை அங்கே இருவகை ஏற்பாடுகளைச் செய்து பயனை அளந்தார்கள். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை, தாய்மார் வேலையாக இருக்கும் காலை வேளையிலே, ஊர்க் குழந்தைக் காப்பகத்திலே வைத்துப் பேணினார்கள். நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை அமைத்து நீச்சல் கற்பித்தார்கள். 25 மீட்டர் நீந்துதல், 30 நொடி மிதத்தல், கரையிலே நின்றபடியே மற்றவரை மீட்டல் ஆகிய மூன்றும் தேர்வு. பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பத்திலே ஒன்பது பங்குக்கும் மேலாகக் குறைந்ததென்று 2012 ஆம் ஆண்டிலே ஆய்வு முடிவு வெளிவந்தது. காப்பகக் குழந்தைகளிடையேயும் பெருங்குறைவு காணப்பட்டது. மூங்கில் மேடையும் ஊர்க்குளமும் நமக்குப் புதியனவா? நம் படித்துறையும் சுரைக்குடுக்கையும் செய்த வேலையையே அவர்கள் ஒழுங்குபடுத்தி, அளந்து காட்டினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டிலே உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களிலே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். நம் நாட்டிலே ஆண்டுதோறும் 30,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு மாள்வதாக அரசின் கணக்கு சொல்கிறது. 2021 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆம் நாளை, மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? வயதுக்கு ஏற்ற காவல், வயதுக்கு ஏற்ற கல்வி என்பதே. நடைபயிலும் குழந்தைக்கு உடலோடு ஒப்பிடத் தலை பெரிது, பாரமும் மிகுதி. வாளியை எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும்; மீள அதற்கு வலுவில்லை. கூச்சலிடாது, சில நிமிடங்களிலே அமைதியாகவே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வீட்டிலே அண்டாவுக்கும் தொட்டிக்கும் மூடி வேண்டும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். வாய்க்காலை ஒட்டிய வாசலுக்குப் படல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கையெட்டும் தொலைவிலே ஒரு பெரியவர் வேண்டும். பள்ளி செல்லும் வயது வந்ததும் மிதக்கவும், மூச்சை ஆளவும், கரை சேரவும் கற்பிக்க வேண்டும். அதற்கும் ஏற்ற இடமும் அறிந்த ஆசானும் தேவை.

நீந்தத் தெரிந்த தமிழ்ச் சிறுவர் எவ்வளவு உயரலாம் என்பதற்குக் குற்றாலீசுவரன் ஓர் எடுத்துக்காட்டு. பதின்மூன்று வயது நிறையுமுன், 1994 ஆம் ஆண்டிலே, பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் அவர் நீந்திக் கடந்தார். எல்லாரும் கடலைக் கடக்க வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தம் ஊர் வாய்க்காலிலிருந்து கரையேறத் தெரிந்திருந்தால் போதும்.

2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் பகுதியினர் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலே தொடர்வண்டி நின்றுவிட்டது. பயணிகள் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே சிக்கினர். ஆற்றுக்குப் போகாதே என்று பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்தோம். அன்று ஆறே வீட்டுக்குள் வந்தது. அத்தகைய வெள்ளத்திலே எவரும் நீந்தத் துணியலாகாது. ஆயினும் தண்ணீரைக் கண்டு அறிவு கலங்காமல் நிற்பதற்கு, தண்ணீரோடு முன்பே பழகியிருக்க வேண்டும்.

மாணவ மாணவியரே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. நீந்தத் தெரியாவிட்டால், தெரிந்த பெரியவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்தவராயின், தனியே இறங்காதீர்கள். கரையிலே ஒருவர் நிற்கட்டும். எவரேனும் நீரிலே தவறினால், தண்டனைக்கு அஞ்சி வாய் மூடாதீர்கள், உரக்கக் கூவுங்கள். உங்கள் ஆசிரியர் சினந்தால் சினக்கட்டும். பெரியோருக்கும் ஒரு சொல்: எந்தப் பிழைக்கும் மன்னிப்பு உண்டு, ஓடிவந்து சொல் என்று இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

என் தாத்தா மறைந்து நெடுங்காலம் ஆகிறது. சென்ற கோடையிலே என் பேத்தியை, நீர் குறைந்த ஒரு துறையிலே, மல்லாந்து படுக்கச் சொல்லி முதுகின்கீழே என் உள்ளங்கையை வைத்தேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெல்லத் திறந்து வானத்தைப் பார்த்தாள். “தாத்தா, கையை எடுத்திராதீங்க” என்றாள். எடுக்கவில்லை என்று சொன்னேன். மறுநாளும் அங்கே சென்றோம்.